ஜெயமணி அக்கா கட்டிய சிவப்பு அட்டை

ஜெயமணி அக்காவிடம் விடிந்துவிட்டது என்று சொன்னால் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார் என்று எங்கள் தொழிற்சாலையில் கேலி பேசுவார்கள். மிகைதான். ஆனால் அவரோடு ஒருமுறை பசாருக்குப் போய்ப் பாருங்கள், பாதி உண்மை என்பீர்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லாரும் செய்வது. அக்கா குனிந்து தராசுக்கு அடியிலும் பார்ப்பார். தன் திருமணத்தைப் பதிய வந்த அதிகாரியிடமே "ஒங்க கார்டு காட்டுங்க சார்" என்று கேட்டவர் அவர். மாப்பிள்ளையிடம்தான் கேட்க மறந்துவிட்டார். அவன் சொன்ன வேலையும் பொய், ஊரும் பொய். ஏழே மாதத்தில் அவன் துணிப்பெட்டி வாசலுக்கு வெளியே போனது. இப்போது அக்காவுக்கு ஐம்பத்தோரு வயது. புக்கிட் ரம்பாயில் தனி வீடு, வாசல் கேட்டுக்கு மட்டும் மூன்று பூட்டு.

பத்து பெரண்டாமில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்கு வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களை முதலில் பரிசோதிப்பது அவர் வேலை. பெட்டிமேல் ஒட்டிய எண்ணும் உள்ளே இருக்கும் சீட்டின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நூல் கோத்த சிவப்பு அட்டை ஒன்றை எழுதிப் பெட்டியில் கட்டிவிடுவார். அதற்குப் பெயர் ஹோல்டு. கட்டியவரே கையெழுத்துப் போட்டு விடுவிக்காமல் அந்தப் பெட்டியை மேனேஜர்கூட நகர்த்த முடியாது. ஒருமுறை நல்ல சரக்கையே சந்தேகப்பட்டு நான்கு நாள் நிறுத்திவைத்தார். மேலிடத்தில் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. "அடுத்த தடவையும் கட்டுவேன் லா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் ஷெர்லீன். அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். என் கதையைச் சொல்லாமல் அக்காவின் கதையைச் சொல்ல முடியாது என்பதால் வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்கிறேன். பதின்மூன்று வயதில் எனக்கு வலது மார்பு வளர்ந்தது. இடது மார்பு வளரவில்லை. வளரும், வளரும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளியில் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். பிறகு பழைய சோபா மெத்தையிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்ச். நற்கருணை வாங்கப் போகும்போது, கல்யாண கவுனுக்கு அளவு கொடுக்கும்போது, என் மகள் எலைன் பிறந்து ஒரே பக்கம் பால் குடித்தபோது, எப்போதும் ஒரு கை என் நெஞ்சுக்குக் குறுக்கேதான் இருந்தது. முப்பத்து மூன்று வயதாகியும் கை இறங்கவில்லை.

என் கணவர் கிளைவ் டேங்கர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இருக்க மாட்டார். "எனக்காக ஒன்னும் செய்ய வேணாம். ஒனக்கு வேணும்னா செய்" என்பார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் அதைச் சொல்லும்போது எங்கே பார்க்கிறார் என்று நான் கவனிப்பேன்.

தொழிற்சாலை லாக்கர் அறையில் ஒருநாள் மேலங்கி மாற்றும்போது அந்த ஸ்பாஞ்ச் நழுவித் தரையில் விழுந்தது. அறையில் இருந்தது ஜெயமணி அக்கா மட்டும். வேறு யாராக இருந்தாலும் பார்க்காததுபோல் திரும்பியிருப்பார்கள். இவர் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், விரலால் அழுத்திப் பார்த்தார். "இத தெனமும் தொவைக்கிறியா? வேர்க்குரு வந்துரும்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

அடுத்த வாரம் கேன்டீனில் என் பிரிவில் வேலை செய்யும் பெரியநாயகி என் நெஞ்சையே உற்றுப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஜெயமணி அக்கா வாயைத் திறந்துவிட்டார்! மனசுக்குள் அவரைப் பச்சை பச்சையாகத் திட்டினேன். அன்று ஸ்பாஞ்ச் அக்குளுக்கு நகர்ந்திருந்தது என்பதை வீட்டுக்கு வந்து கண்ணாடியில்தான் பார்த்தேன். அப்போதும் அக்காமேல் இருந்த சந்தேகம் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாச்சாங் பக்கம் கடைவீட்டு மாடியில் இருந்த ஓர் அழகு நிலையத்தின் விளம்பரம் கைப்பேசியில் வந்தது. மார்புக்குள் சிலிகான் பை வைக்கும் ஆபரேஷன், பெரிய மருத்துவமனையில் கேட்பதில் பாதிதான் விலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூரிலிருந்து டாக்டர் வருவாராம். அன்றே வீட்டுக்குப் போகலாம், மூன்றாம் நாள் வேலைக்குப் போகலாம். அதை நடத்தும் பெண்ணை எல்லாரும் மேடம் என்றார்கள். என்னைப் பார்த்ததும் "ரெண்டு பக்கமும் செஞ்சிடலாம், அப்பதான் அழகா இருக்கும்" என்றார். திரும்ப அழைத்துப்போக ஒருவர் கூட வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கிளைவ் அந்த ஞாயிறு பினாங்கில். கூடப் பிறந்தவர்கள் இல்லை. கோயில் பெண்களிடம் சொன்னால் அடுத்த பூசைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். என் விஷயம் ஏற்கெனவே தெரிந்த ஒரே ஆள் ஜெயமணி அக்கா. வேறு வழியில்லாமல் அவரிடம் போய் நின்றேன்.

"என்னென்ன சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"ஒன்னும் சொல்லலக்கா. பசியாறிட்டே வரச் சொன்னாங்க."

"பசியாறிட்டா?" அக்கா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "என் குடல்வால எடுத்தப்ப ராத்திரியிலேருந்து சொட்டுத் தண்ணி குடுக்கல. ரத்தம் எடுத்தாங்களா?"

"இல்ல."

"ஸ்கேன்? நெஞ்சுப் படம்?"

"இல்லக்கா. இது சின்ன ஆபரேஷனாம்."

"கத்தி வைக்கிறதுல என்னா லா சின்னது பெருசு? அந்த டாக்டர் பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றதும் எனக்கு வந்த ஆத்திரம் அவர்மேல்தான் வந்தது. ஒரு மனுஷி நல்லது செய்துகொள்ளப் போகிறாள், அதற்கு இத்தனை குறுக்கு விசாரணையா? வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இருவரும் மாடி ஏறினோம். நான் வெறும் வயிற்றோடு போனேன். அக்கா அதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். உள்ளே மீன் தொட்டி, வெள்ளை சோபா, எலுமிச்சைப் புல் வாசனை. மேடம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா உட்காரவே இல்லை.

"உள்ள வைக்கப் போற சாமான காட்டுங்க" என்றார்.

மேடம் சிரிப்பு மாறாமல் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அக்கா தன் சாவிக்கொத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஐயோ மாதாவே, இந்த மனுஷி என்னை நாறடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு பெட்டியைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். மறுபடியும் முதல் பெட்டிக்குப் போனார்.

"லாட் நம்பர் ரெண்டுலயும் ஒன்னா இருக்கலாம். சீரியல் நம்பர் எப்படி ஒன்னா இருக்கும்? ஒரே ஐ.சி. கார்டு நம்பர்ல ரெண்டு ஆளு இருப்பாங்களா?"

"அது பிரிண்டிங் மிஸ்டேக், ஆன்டி."

அக்கா காலாவதித் தேதியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். மேலே ஒட்டியிருந்த தாள் உரிந்தது. அடியில் வேறொரு தேதி இருந்தது, மூன்று வருடம் பழசு. மேடம் வெடுக்கென்று பெட்டியைப் பிடுங்கினார். "நம்பிக்கை இல்லன்னா எதுக்கு வந்தீங்க?" என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினார். நானும் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். கெஞ்சினேன். இந்த ஞாயிறு போனால் இனி எனக்குத் துணிச்சல் வராது என்ற பயம்.

நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது அக்கா கைப்பையைத் திறந்து, மேசை ஓரத்தில் எதையோ வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். சிவப்பு அட்டை. தொழிற்சாலையின் ஹோல்டு அட்டை.

"நான் கையெழுத்துப் போடாம இவ எங்கயும் போக மாட்டா" என்று மேடத்திடம் சொல்லிவிட்டு என்னைப் படியில் இழுத்துக்கொண்டு இறங்கினார்.

காடிக்குள் உட்கார்ந்ததும் வெடித்தேன். "நான் என்ன ரிஜெக்ட் சாமானா? அட்டை கட்டிட்டு வந்துட்டீங்க! ஒங்களுக்கு எல்லாம் சரியா இருக்கு. கொறை எனக்குத்தான. பேசுறது லேசு!" அக்கா ஸ்டீயரிங்கைத் திருப்பி வீட்டுப் பக்கம் ஓட்டினார். வீட்டு வாசலில் இறங்கி, அட்டையை அறுத்து, அலமாரி டிராயரில் விட்டெறிந்தேன். கிழித்துப் போடத்தான் நினைத்தேன். அது கெட்டி அட்டை, கிழியவில்லை.

இரண்டு மாதம் பேசவில்லை. கேன்டீனில் அவர் வந்தால் நான் எழுந்து போவேன். அவரும் வலிய வந்து பேசவில்லை. அதற்கிடையில், வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், நான் தனியாக மறுபடியும் அந்த மாடிக்குப் போனேன். இரும்புக் கதவு இறங்கியிருந்தது. கீழே மருந்துக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களும் அங்க செஞ்சீங்களா? போன வாரம் ஒரு பொண்ணுக்குச் சீழ் வச்சு ஆம்புலன்ஸ்ல கொண்டு போனாங்க" என்றார். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் லாக்கர் அறையில் அக்காவிடம் போய், "மூடிட்டாங்கக்கா" என்றேன். "நல்ல டாக்டரா பாக்கலாம்" என்றார்.

நல்ல டாக்டர் கிடைக்க நாலரை மாதம் ஆனது. கிடைத்த பெண் டாக்டரையும் அக்கா விட்டுவைக்கவில்லை. பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று கைப்பேசியில் தேடி, சுவரில் மாட்டியிருந்த சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். டாக்டர் பொறுமையாக இருந்தார். மீன் எண்ணெய் மாத்திரையை நிறுத்த வேண்டும், பூண்டு மாத்திரையை நிறுத்த வேண்டும், ஜாமு மூலிகைக் கஷாயம் குடிக்கக் கூடாது, ரத்தப் பரிசோதனை, மார்பு ஸ்கேன், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை நான்கு வாங்கி வைக்க வேண்டும் என்று அடுக்கினார். ஒவ்வொரு "கூடாது"வுக்கும் அக்காவின் முகம் தெளிந்துகொண்டே போனது. கடைசியில் டாக்டர், "வலது பக்கத்தைத் தொட வேண்டாம். இடதுக்கு ஒன்று போதும்" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் தோளில் தட்டினார். "ரெண்டு விக்கிற எடத்துல ஒன்னு போதும்னு சொல்றாங்க பாரு. இவங்ககிட்ட போலாம்."

அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது நெஞ்சின்மேல் யாரோ அரிசி மூட்டையை வைத்ததுபோல் இருந்தது. கிளைவ் மூன்று நாள் விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு வேலை முடிந்ததும் அக்கா வந்தார். இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் எனக்குத் தலை குளிப்பாட்டியது, சீவிப் பின்னியது எல்லாம் அவர். காயம் ஆற விரால் மீன் சூப் என்று டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கி, உயிரோடு துள்ளும் விராலை வாளியில் கொண்டுவந்தார். செத்த மீனை நம்ப மாட்டாராம். "ஜெயமணி ஆன்டி, அம்மாவுக்கு உள்ள என்ன இருக்கு?" என்று எலைன் கேட்டாள். "நல்ல சாமான்தான்மா. நம்பர நான் பாத்துட்டேன்" என்றார். உண்மைதான். மருத்துவமனை தந்த அட்டையில் இருந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தார்.

நான்காம் நாள் இடது பக்கம் கல்லாக வீங்கியது. வெடித்துவிட்டது, டாக்டரும் ஏமாற்றுக்காரி, எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் அலறினேன். அக்காவின் சந்தேகம் முழுக்க என்னிடம் வந்துவிட்டது. அக்கா நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இல்லை என்று பார்த்தார், மருத்துவமனை தந்த குறிப்புத் தாளை எடுத்துப் படித்தார், டாக்டருக்குப் போன் அடித்தார். "வீங்கும்னு போட்டிருக்கு, டாக்டரும் அதான் சொல்றாங்க. வாய மூடிட்டுத் தலையணைய ஒசத்தி வச்சுப் படு."

ஆறு வாரம் கழித்து டாக்டர் எல்லாம் சரி என்றார். வீட்டுக்கு வந்து முதல் முறையாகச் சாதாரண சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றேன். அக்கா முன்னாலிருந்து பார்த்தார், பக்கத்திலிருந்து பார்த்தார்.

"அந்த அட்டை எங்க?"

"எந்த அட்டக்கா?"

"ஹோல்டு போட்டேன்ல. நான் கையெழுத்துப் போட்டாத்தான ரிலீஸ்? போய் எடுத்துட்டு வா."

டிராயரைக் கவிழ்த்து, பழைய பில்களுக்கு அடியிலிருந்து அதை எடுத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுவரை நான் படித்ததே இல்லை. வேலையில் அக்கா அட்டைகளை மலாயில்தான் நிரப்புவார். இதைத் தமிழில் நிரப்பியிருந்தார், எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்த அந்த உருண்டை எழுத்தில். நிறுத்திவைத்த காரணம் என்ற கட்டத்தில், "சப்ளையர் மேல் நம்பிக்கை இல்லை." பொருள் என்ற கட்டத்தில், "என் தங்கச்சி."

அதற்குக் கீழே, குறை என்ன என்று எழுத வேண்டிய கட்டம். லாக்கர் அறைத் தரையிலிருந்து அந்த ஸ்பாஞ்சைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தவர் அவர். ஊரில் எதையும் சோதிக்காமல் ஏற்காதவர். அந்தக் கட்டத்தில், பேனாவை அழுத்தி, "இல்லை" என்று எழுதியிருந்தார்.

"என்னா லா அங்கயே நின்னுட்ட?" என்று கூடத்திலிருந்து கத்தினார். "பேனாவும் எடுத்துட்டு வா."