கதவு ஏன் உடையவில்லை

தச்சர்கள் சமம் பார்க்கும் கருவியின் பேரை வைத்து, அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். பிறர் வீட்டுக்குப் போனால் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் கோணலாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கோணலாக இருந்தால் உட்காருவதற்குக் கொஞ்சம் நேரமாகும். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு அவர் முழுதாகப் படித்தது, தன் தங்கை எடுத்த படத்துக்கு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு கருத்துகளைத்தான்.

தங்கை அவரைவிடப் பதினாறு வயது சின்னவள். இப்போது முப்பத்திரண்டு ஆகிறது. அவருக்கு இன்னும் பாப்பாதான். அவள் கையில் இருந்ததைப் போட்டு, தெரிந்தவர்களை நடிக்க வைத்து, பதினோரு நாளில் ஒரு படம் எடுத்தாள். ஒரு குருவிடமிருந்து தப்பி ஓடிவந்த பெண் ஒரு வீட்டுக்குள் ஒளிந்துகொள்கிறாள். குருவும் வெள்ளை உடை போட்ட இருபத்தொரு சீடர்களும் வீட்டைச் சுற்றி வளைக்கிறார்கள். படம் முழுக்க அவர்கள் வெளியே, இவள் உள்ளே. கதை அவ்வளவுதான். நடுவில் ஒரு கதவு.

அந்தக் கதவை அண்ணன்தான் செய்தார்.

"அண்ணா, எழுபதாவது நிமிஷத்துல கதவு தூள்தூளா உடையணும். பின்பக்கம் பாதி ஆழத்துக்கு ரம்பத்தால அறுத்து வெச்சிடுங்க" என்று தங்கை சொல்லியிருந்தாள். அவர் பென்சிலால் மூன்று கோடு போட்டார். கோடுகள் நேராக இருந்தன. ரம்பத்தையும் எடுத்து வைத்தார். கை போகவில்லை. நல்ல பலகை, நல்ல இணைப்பு. அதைப் போய் எப்படி அறுப்பது? கோட்டின் மேல் பெயின்ட் அடித்தார். கேட்டபோது, "அறுத்துட்டேன் பாப்பா" என்றார்.

படப்பிடிப்பின் பத்தாம் நாள் சீடர்கள் ஒரு மரக்கட்டையைத் தூக்கி வந்து கதவை இடித்தார்கள். இரண்டாவது இடியில் உடைய வேண்டும். பதினான்காவது இடியில் சீடராக நடித்து முன்னால் நின்ற உள்ளூர் ஜிம் மாஸ்டருக்குத் தோள் வீங்கியது. தங்கை எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு ஒரு ஸ்டூலில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து உள்ளே இருந்த பெண்ணிடம், "நீயே போய்க் கதவைத் திற" என்றாள். படம் அப்படித்தான் முடிந்தது. ஓரமாக நின்றிருந்த அண்ணனுக்குக் கதவின் சத்தத்தைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை மறைக்க இருமினார்.

படம் இணையத்தில் வந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, தங்கை போன் செய்தாள். ஒரு படக் கம்பெனிக்காரர் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பார்த்தவர்கள் எழுதிய கருத்துகளையெல்லாம் படித்துவிட்டு, இரண்டாவது படம் கொடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்குச் சொல்வாராம்.

அன்று மாலையே அண்ணன் ஒரு பிளைவுட் துண்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கருத்துகளை முதலிலிருந்து, ஒன்று விடாமல், மனைவிக்கும் கேட்கும்படி படித்தார்.

"குருவா நடிச்சவர் எங்க பேங்க்ல வேலை பார்க்கறார். சாபம் விடறப்பவும் டோக்கன் எடுங்கன்னு சொல்ற மாதிரியே இருக்கு."

"இருபத்தொரு பேர்ல ஒருத்தனுக்குக்கூட ஜன்னல் ஞாபகம் வரலையா?"

"இந்தப் படத்துல நல்லா நடிச்சது கதவுதான்."

"எழுபது நிமிஷம் இடிச்சாங்க. எனக்குத் தலைவலி. கதவுக்கு ஒண்ணும் ஆகல."

"கடைசியில எதுக்குத் திறந்தா? இதை முதல்லயே செஞ்சிருந்தா நான் சீக்கிரம் சாப்பிடப் போயிருப்பேன்."

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊரே உங்க கதவைப் புகழுது. மூஞ்சிய ஏன் இப்படித் தொங்கப் போட்டிருக்கீங்க?"

அவர் பிளைவுட்டைத் திருப்பிக் காட்டினார். கதவைப் பற்றி அறுபத்து நான்கு பேர். முடிவைப் பற்றி நாற்பத்தொரு பேர். அதில் முப்பது பேர் டைரக்டருக்கு மூளை இல்லை என்கிறார்கள்.

"கதவு உடைஞ்சிருந்தா இந்த முப்பது பேரும் பேசியிருக்க மாட்டாங்க" என்றார். அப்புறம்தான் அறுக்காத விஷயத்தை மனைவியிடம் சொன்னார்.

"போய் அவகிட்ட சொல்லிடுங்க."

"அவகிட்ட சொல்லி என்ன ஆகும்? படிக்கப் போறது கம்பெனிக்காரர்."

புதன்கிழமை மதியம் பிளைவுட்டின் பின்பக்கத்தில் எழுதி, இரண்டு முறை திருத்தி, பிறகு ஒற்றை விரலால் போனில் அடித்து, படத்தின் கீழே அவரும் ஒரு கருத்து போட்டார்:

"ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். கதவு செய்தவன் நான். உயரம் ஏழடி, அகலம் மூன்றரை அடி, கனம் ஒன்றரை அங்குலம். கீல் நான்கு, தாழ்ப்பாள் இரண்டு. பின்பக்கம் அறுத்து வைக்கச் சொன்னார்கள். அறுத்துவிட்டேன் என்று சொன்னேன். அறுக்கவில்லை. அதனால் உடையவில்லை. உடையாததால் முடிவை மாற்ற வேண்டியதாயிற்று. தவறு முழுவதும் என்னுடையது. டைரக்டர் நன்றாகப் படித்தவர். அவரைக் குறை சொல்ல வேண்டாம்."

ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு போட்டார்.

"சொந்தத் தங்கச்சிக்கு அஞ்சு போடக் கூடாதா?" என்றாள் மனைவி.

"ரெண்டாவது சீன்ல ஜன்னல் சாய்ஞ்சிருக்கு. அது நான் செஞ்சதில்ல."

வியாழக்கிழமை காலை தங்கை பட்டறைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இழைக்கும் மெஷினை அவளே நிறுத்தினாள்.

"அண்ணா, அறுக்கவே இல்லையா?"

"இல்ல பாப்பா."

"அறுத்துட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க."

"உன் மூஞ்சியப் பார்க்கல. கீலைப் பார்த்துதான் சொன்னேன்."

"இருபத்தொரு பேரைத் திட்டினேன்ணா! காத்தடிச்சாலே கதவு ஆடும், உங்களால முடியலையான்னு கேட்டேன். ஜிம் மாஸ்டர் இன்னிக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல."

"அவர்கிட்ட நான் வேணா பேசறேன்."

"அதை விடுங்க. கம்பெனிக்காரர் என்னை எதுக்குக் கூப்பிட்டார்னு தெரியுமா? அந்த முடிவுக்காக. உடைக்க முடியாத கதவை அவளே திறக்கறா பாரு, அதுதாம்மா படம்னார். எப்படி யோசிச்சேன்னு கேட்டார். ஒரு வருஷமா யோசிச்சேன்னு சொல்லியிருக்கேன்."

அண்ணன் கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். தூள் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

"அழிச்சிடறேன்" என்றார்.

"எதை அழிப்பீங்க? ரெண்டாயிரம் பேர் லைக் போட்டாச்சு. படத்துக்கே அவ்வளவு இல்ல." அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். "நாலு ஸ்டார் வேற!"

வெள்ளிக்கிழமை அவர் ஒரு பலகையை இழைத்தார். அது முந்தின நாளே இழைத்து முடித்த பலகை. பதினோரு மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. மனைவி சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒன்றரை அங்குலப் பலகை முக்கால் ஆயிடப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது.

"கேட்டார்ணா" என்றாள் தங்கை. "கதவுக்காரர் யாருன்னார். எங்க அண்ணன்னேன்."

"அப்புறம்?"

"ஒரு வருஷம் யோசிச்சேன்னு சொன்னது பொய் சார், ஸ்டூல்ல உட்கார்ந்து பத்து நிமிஷம்தான் யோசிச்சேன்னு சொல்லிட்டேன்."

"ஐயோ. என்ன சொன்னார்?"

"ரொம்ப நேரம் சிரிச்சார். எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் ஒரு வருஷம் யோசிக்கறாங்க, செலவு எகிறிப் போகுது, பத்து நிமிஷத்துல யோசிக்கற ஆளுதாம்மா எனக்கு வேணும்னார்."

"அப்படின்னா?"

"கிடைச்சிடுச்சுண்ணா."

அவர் அடுக்கி வைத்திருந்த பலகைகளின் மேல் உட்கார்ந்தார்.

"ஆனா ஒண்ணு" என்றாள் அவள். "இந்தப் படத்துல கதவு, ஜன்னல், ஒரு ஆணிகூட நீங்க அடிக்கக் கூடாது."

"கம்பெனிக்காரர் சொன்னாரா?"

"டைரக்டர் சொல்றேன்."

"சரி" என்றார். பக்கத்துப் பலகையை நேராக நகர்த்தி வைத்துவிட்டு, "யார் செய்யப் போறாங்க?" என்றார்.

"தெர்மோகோல்ல செட் போடறவர் ஒருத்தர் இருக்கார்."

"தெர்மோகோல்ல கீல் எப்படி நிக்கும்?"

"அண்ணா."

"சரி சரி."

சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் குளியலறைக் கதவுக்கு அளவு கொடுக்க வந்தார். அளவுச் சீட்டைக் கையில் வாங்கும் முன்பே அவரிடம், "எங்க தங்கச்சி டைரக்டர், அவளுக்கு ரெண்டாவது படம் கிடைச்சிருக்கு" என்றார்.

"நல்லதுங்க. அப்போ படத்துல கதவு வேலையெல்லாம் உங்களுக்குத்தான்."

"எனக்கா? என்னை வேண்டாம்னு நிறுத்திட்டா" என்றார் அவர். முகம் முழுக்கப் பெருமை. "வேலைன்னு வந்துட்டா அண்ணன், தம்பின்னு பார்க்க மாட்டா. அவ்வளவு கண்டிப்பு."