கைப்பிடிக்குள் இருந்த திருகு

கத்தியைத் தொடும் முன் வெர்லின் ஸ்டவுஃபர் வெள்ளைப் பருத்திக் கையுறைகளை மாட்டிக்கொள்வார். எண்ணெய்த் துணியால் பிடியிலிருந்து முனைவரை ஒரே இழுப்பு. திரும்பத் தேய்க்க மாட்டார். விரல் ஈரம் பட்டால் ரேகை துருவாகப் பதிந்துவிடும்.

பழைய ஜெர்மன் ராணுவக் கத்திகள் விஷயத்தில் ஒஹாயோவின் அந்தப் பக்கம் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அதனால்தான் ஹேசல் க்ரிட்ஸர், தன் கணவர் டெல்மர் இரண்டாம் உலகப் போரிலிருந்து கொண்டுவந்த குறுவாளோடு வந்திருந்தார். டெல்மர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

வெர்லின் பிடியின் நுனியிலிருந்த குமிழைத் திருகிக் கைப்பிடியைக் கழற்றினார். உள்ளே மறைந்திருந்த இரும்பில் புதுத் திருகு ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். போர் முடிந்து வெகுகாலம் கழித்துச் செய்த போலி.

"என்ன டாக்டரே, கழுத்தைத் திருகிட்டீங்களே, உசுரு இருக்கா?" என்றார் ஹேசல். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

நாற்பது வருடத்தில் ஒரு போலியைக்கூட வெர்லின் அசல் என்று சொன்னதில்லை.

"அசல்தாங்க."

"நல்லாப் பாத்தீங்களா? டெல்மர் தினமும் இதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பார்."

"அசலேதான்."

ஹேசல் நீண்ட மூச்சு விட்டு, கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டார். அதன்பின் யார் கத்தியை நீட்டினாலும், தன் வாய்ச்சொல்லை நம்பாதவராக வெர்லின் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஹேசலை அடக்கம் செய்த அன்று அவர் மகள்தான் சொன்னாள்: அப்பாவோடு ஏதோ சண்டையில் அசலை ஏரியில் எறிந்த அம்மா, பயந்துபோய் அப்பாவுக்குத் தெரியாமல் அதே மாதிரி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அப்பா கண்டுபிடித்திருப்பாரா என்று தெரிந்துகொள்ளத்தான் அன்று வெர்லினிடம் வந்தாராம்.