மூட்டை வாயில் ஊர்ப்பெயர்

சென்ற வாரம் ஸ்ரீவைகுண்டத்தில் நெல் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் கடை வண்டிக்காரர் வந்து, "அண்ணாச்சி, சுடலைமுத்துப் பிள்ளை தவறிட்டாவ" என்றார். கையிலிருந்த நெல்லை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை.

திருநெல்வேலியில் அவரும் நானும் கூட்டாக அரிசிக்கடை வைத்திருந்தோம். உங்களில் பலர் அவரிடம் அரிசி வாங்கியிருப்பீர்கள். அவரைத் திட்டியும் இருப்பீர்கள். அரிசி எந்த ஊரில் விளைந்ததோ, அதை ஓலைத் துண்டில் எழுதி ஒவ்வொரு மூட்டை வாயிலும் கட்டிவிடுவார்; உங்கள் வீட்டில் எந்த அரிசி பொங்குகிறது என்று தெருவே படித்துவிடும். சர்க்கார் அப்படிச் சட்டம் எதுவும் போடவில்லை. கேட்டால், "எங்கன விளைஞ்சதுன்னு தெரியாம ஒருத்தன் எப்படிவே வாயில வைப்பான்?" என்பார்.

மழை பொய்த்த வருஷம் தூத்துக்குடியில் கப்பல் கப்பலாகப் பர்மாவின் மட்டரக ரங்கூன் அரிசி வந்து இறங்கியது. ஊரே அதைத்தான் தின்றது; தின்பதாகச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. அந்த வருஷம்தான் என் மகள் கல்யாணம். விருந்துக்கு அம்பாசமுத்திரத்து அரிசிதான் வேண்டும் என்று சம்பந்தி கறாராகச் சொல்லியிருந்தார். தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. ரங்கூன் மூட்டைகளில் அம்பாசமுத்திரம் என்று நானே எழுதிக் கட்டி அனுப்பிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சமையல் பந்தலுக்கு வந்த பிள்ளை, ஓலையைப் பார்த்தார். நாலு அரிசியை எடுத்து மென்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே சம்பந்தியிடம் போய், "அண்ணாச்சி, இது ரங்கூன் அரிசி. ஓலையில இருக்கது பொய். எங்க கடைப் பொய்" என்றார். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

சம்பந்தி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அரிசியை எடுத்துப் பார்த்தார். பிறகு, "எங்க வீட்லயும் மூணு மாசமா இதத்தான்வே பொங்குதாவ. உலைய வைக்கச் சொல்லும்" என்றார்.

கல்யாணம் நடந்தது. ஆனாலும் என் மானத்தை வாங்கிவிட்டார் என்று ஒரு மாதம் பிள்ளையோடு பேசவில்லை. அவர் தினமும் கடைக்கு வந்து, "சாப்பிட்டாச்சாவே?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்.

துக்கத்துக்கு வந்த மகள் என்னைவிட அதிகமாக அழுதாள். "ஒங்கப்பன் ஏமாத்திக் கட்டிக்கொடுத்தான்னு அந்த வீட்ல கோவத்துலகூட ஒருத்தரும் சொன்னதில்லப்பா. பிள்ளை மாமா அன்னைக்கு வாயத் தொறந்ததுனாலதான்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்த அந்த ஒரு மாதம்தான், அவர் நினைவாக இனி என்னிடம் இருக்கும்.