சந்திரமதி சொன்ன பதில்

மலாக்காவில் செட்டிகள் வாழும் கிராமமான செட்டிக் கம்பத்தில் சந்திரமதிக்கு வாய்க்காரி என்று பேர். வாய்க்கால் தண்ணீர் இன்று யார் வயலுக்கு என்ற தகராறானாலும் சரி, திருவிழாவில் யார் முதலில் தீபம் ஏற்றுவது என்ற தகராறானாலும் சரி, அவள் குரல்தான் முன்னால் கேட்கும். முப்பது வயதிருக்கும். மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டையும் கைலியும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மலாயில் சண்டை போடுவாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாமி பேரும் சில உறவு முறைகளும்தான். அவள் பாட்டன் பூட்டன் எல்லாரும் மலாக்காவிலேயே பிறந்து மலாக்காவிலேயே செத்தவர்கள். நீ எந்த ஜனம் என்று அவளை யாரும் கேட்டதுமில்லை, அவள் யோசித்ததுமில்லை.

ஜப்பான்காரன் வந்த அடுத்த வருஷம், கம்பம் இருந்த காஜா பெராங் பகுதியில் அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த நெல்வயலில் மூங்கில் முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். ராணுவத்துக்கு மரவள்ளி நடப்போகிறார்களாம். அது கோயில் நிலம். கம்பத்துக் குடும்பங்கள் பிரித்து உழுது, விளைந்ததில் கோயிலுக்கு ஒரு பங்கு கொடுத்துச் சாப்பிட்டு வந்தார்கள். அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாத காலம். அந்த வயல் ஒன்றுதான் கம்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

கோயில் பொறுப்பாளர் அப்பாசாமி மலேரியாவில் படுத்துக் கிடந்தார். "நீயே போய்ப் பேசு. உனக்குத்தான் பயம் கிடையாது" என்று சந்திரமதியை அனுப்பினார்.

அவள் முதலில் போனது பெங்குலுவிடம், அதாவது மலாய்க்கார ஊர்த்தலைவரிடம். நல்ல மனுஷன், உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். "நீ பேசுறது எங்க பாஷை, நீ கட்டுறது எங்க துணி. ஆனா கோயில் நிலத்துக்காக நான் எப்படி வாயைத் திறப்பேன்? அது இந்தியர் சமாசாரம். அவங்க சங்கத்துக்குப் போ" என்றார்.

பட்டணத்துச் சங்கத்தில் அவளைத் தமிழில் விசாரித்தார்கள். அவள் முழித்தாள். கெபாயாவை ஏற இறங்கப் பார்த்த ஒருவர், "தமிழே வராத இந்தியரா?" என்று சிரிக்க, அறையே சிரித்தது. அர்த்தம் புரியாவிட்டாலும் சிரிப்பு புரிந்தது. காது மடல் சுட, அவள் வெளியே வந்தாள்.

பின்னாலேயே ஒருவர் வந்தார். நில அலுவலகத்தில் ஜப்பானியருக்கு மொழிபெயர்க்கும் பொன்னுதுரை. நரைத்த மீசை, காலில் தேய்ந்த சப்பாத்து. மலாயில் மெல்லப் பேசினார்.

"இங்க பாருங்கம்மா, அவங்க சிரிக்கிறதை விடுங்க. நீங்க இந்தியர்னு சொன்னா, அது இந்தியர் கோயில், இந்தியர் நிலம். வெள்ளைக்காரனோட சண்டையில ஜப்பான்காரனுக்கு இப்ப இந்தியர் தயவு வேணும். கை வைக்க மாட்டான்."

"அப்படின்னா சொல்லிட வேண்டியதுதானே, ஐயா?"

"சொல்லலாம். ஆனா சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறதும் இந்தியர்லதான். என் தம்பி ஜெயபாலனைத் தோட்டத்துல லோரியில ஏத்தினாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்ல. உங்க கம்பத்துப் பக்கம் இன்னும் லோரி வரலைன்னா, உங்களை என்ன கணக்குல வைக்கிறதுன்னு அவனுக்கே தெரியலை. அதனாலதான்."

சந்திரமதி வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். வாய்க்கால் கரையில் மண் அணைத்துக்கொண்டிருந்த புருஷன் சேதுபதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அதிகம் பேசாதவன். மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"இந்தியர்னே சொல்லிடு. ரயில் பாதைக்கு நான் போயிட்டு வர்றேன். வயல் இருக்கட்டும்."

"யார் உழறதுக்கு?" என்று அவள் கத்தினாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

அந்த வாரமே ஜப்பான் அதிகாரி வந்துவிட்டான், காலையில், பொன்னுதுரையைக் கூட்டிக்கொண்டு. கோயில் வாசலில் கம்பத்து ஆண்கள் எல்லாரையும் நிறுத்தினார்கள். நிலம் எந்த ஜனத்துக்குச் சொந்தம் என்று கேட்டான். எல்லார் பார்வையும் சந்திரமதி மேல் விழுந்தது.

அவள் நெல்லைப் பார்த்தாள். பால் பிடித்துத் தலை சாய்கிற பருவம். பிறகு சேதுபதியையும் அவனைச் சுற்றி நின்றவர்களையும் பார்த்தாள்.

"நாங்க இந்தியர் இல்ல" என்றாள்.

"மலாய்க்காரரா?"

"இல்ல. மலாக்காக்காரங்க. இங்கேயே இருக்கிறவங்க."

பொன்னுதுரை மொழிபெயர்த்தார். அதிகாரி கோபுரத்தைப் பார்த்தான், அவள் உடுப்பைப் பார்த்தான், சிரித்தான். அப்படி ஒரு ஜனம் தன் கணக்கில் இல்லை. அதனால் இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சொல்லிவிட்டுப் போனான். பொன்னுதுரை அதைத் தரையைப் பார்த்தபடிதான் சொன்னார்.

பால் பிடித்த நெல்லைப் பிடுங்கும் வேலையையும் கம்பத்துக்காரர்களையே செய்யவைத்தார்கள். சொந்த வயலில் கூலிகளாக மரவள்ளி நட்டார்கள். கிழங்கு முற்றியபோது அதைத் தொடக்கூட அவர்களுக்கு உரிமையில்லை. வேலியோரம் ஜப்பான்காரன் காவல் நின்றான்.

அப்பாசாமியின் மகன் நல்லையாவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "ஒரு பொம்பளை வாய் கோயில் நிலத்தைத் தின்னுடுச்சு" என்று அவள் வீட்டு வாசலில் நின்றே சொன்னான். பட்டணத்துக்குப் போய், நான் இந்தியன், என் பாகத்தை விடுங்கள் என்று சங்கத்தில் சொன்னான். சங்கம் பரிந்து பேச, ஜப்பான்காரர்கள் விட்டார்கள். வேலிக்குள், மரவள்ளிக்கு நடுவே, அவன் மறுபடி நட்ட நெல் மட்டும் தனியாகப் பசேலென்று நின்றது. அவன் மனைவி சீதா, சந்திரமதி பார்க்கட்டும் என்றே அங்கே பாட்டுப் பாடிக் களை எடுத்தாள். கதிர் முற்றுவதற்குள் லோரி வந்து நல்லையாவை ஏற்றிக்கொண்டு போனது. ரயில் பாதையிலிருந்து திரும்பி வந்த ஆட்களில் அவன் இல்லை.

தான் சொன்னதுதான் சரி என்று சந்திரமதி ஒரு நாளும் சொல்லிக்கொள்ளவில்லை. சீதாவின் அழுகை சுவர் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் சேதுபதியை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்வாள். அவன் உயிரோடு நடமாடுவது சீதாவின் கண்ணில் படக் கூடாது என்று அவளுக்கு ஒரு கூச்சம்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். நிலத்தைக் கேட்டுப் போனால், "இந்தியர் இல்லை, மலாய்க்காரரும் இல்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே, அப்புறம் இது யாருக்குச் சொந்தம்?" என்றான். அந்தப் பதில் இங்கேயும் வந்து அவள் கழுத்தைப் பிடித்தது. பொன்னுதுரை சாட்சி சொல்ல வந்தார். துப்பாக்கிக்கு முன்னால் வந்த பேச்சு அது என்று வாதாடினார். வருஷக்கணக்கில் இழுத்து, கோயிலை ஒட்டிய ஒரு பட்டை மட்டும் கைக்கு வந்தது. மிச்சத்தை அரசாங்கம் வைத்துக்கொண்டது.

முதல் அறுப்பில் தன் பங்கில் சரிபாதியைச் சந்திரமதியே சுமந்துகொண்டு போய்ச் சீதாவின் முற்றத்தில் இறக்கினாள். சீதா மூட்டையை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அடுத்த பட்டத்திலிருந்து நடவுக்கும் வந்தாள். இரண்டு பேரும் ஒரே வயலில் குனிந்து கடைசி வரைக்கும் வேலை செய்தார்கள். ஆனால் சந்திரமதியோடு சீதா ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்காரியும் அவளைப் பேசச் சொல்லிக் கேட்கவில்லை.