முனியப்பனுக்கு நான் எழுதிய இரண்டு மனுக்கள்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, முனி, காத்து கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. நாமக்கல் கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு சாய்வு மேசையைப் போட்டுக்கொண்டு, ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தவன் நான். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது என் எதிரில் உட்கார்ந்து சாமி மேல் சத்தியம் செய்வார்கள், பத்தும் பொய்யாக இருக்கும், ஒருவனுக்காவது நாக்கு இழுத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அப்புறம் எங்கிருந்து நம்பிக்கை வரும்? நீங்கள் இப்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிகிறது. சிரியுங்கள், நானும் பாதி வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளைக்காரன் காலம், யுத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. நாமக்கல்லுக்கும் எருமப்பட்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். எனக்கும் என் பெரியப்பா மகன் ரங்கப்பனுக்கும் பாட்டன் வெட்டிய கிணறு ஒன்று பொது. ஒரு நாள் அவன் கவலையில், அதாவது மாடு பூட்டி இழுக்கிற தோல் சாலில், தண்ணீர் இறைத்தால் மறுநாள் நான், இதுதான் முறை. அந்தக் கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. ரங்கப்பன் தன் நாளிலும் இறைத்தான், என் நாளிலும் இறைத்தான். கேட்கப் போனால் தடி மாதிரி இரண்டு மகன்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “மொறையாவது மண்ணாவது, இது என்ற கெணறு. இன்னொருக்கா இந்தப் பக்கம் காலெடுத்து வெச்சீன்னா அந்தக் காலை ஒடிச்சு உள்ளாற போட்டுருவேன்” என்றான். ஊர்ப் பெரியவர்களிடம் போனேன். அவர்கள் எல்லோரும் ரங்கப்பன் வீட்டு மோரைக் குடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

என்னிடம் இருந்தது அரை ஏக்கர் ராகி, அதுதான் எனக்கும் என் பெண்டாட்டி பாவாயிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் வருஷச் சோறு. இன்னும் பதினைந்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் பதராகிவிடும். “கோர்ட்டுல போடறேன் பாரு” என்று நான் வீறாப்பாகச் சொன்னதும் பாவாயி ஒரு பார்வை பார்த்தாள்.

“ஏனுங்க, உங்க கோர்ட்டுல தீர்ப்பு வர்றதுக்குள்ள நம்ம பையனுக்குப் பேரன் பொறந்துருவான். ராகி அதுவரைக்கும் காத்திருக்குமா? முனியப்பனுக்கு எழுதிக் கட்டுங்க.”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. அநியாயம் நடந்தால் கிணற்றில் முழுகி, ஈரத் துணியோடு உச்சிப்பொழுதில் முனியப்பன் கோயிலுக்குப் போய், எதிராளி பேரைச் சொல்லி எழுதிய சீட்டை அவர் வேலில் மஞ்சள் கயிற்றால் கட்ட வேண்டும். பிறகு அவர் பார்த்துக்கொள்வார். கட்டினதை அவிழ்ப்பதானால் இரண்டு தரப்பும் சேர்ந்து வந்து அவிழ்க்க வேண்டும். எனக்கு நம்பிக்கை இல்லைதான், ஆனால் எழுதுவது என் தொழில் ஆயிற்றே, உட்கார்ந்து எழுதினேன். பழக்க தோஷத்தில் கோர்ட்டு மனுவாகவே வந்துவிட்டது. வாதி, பிரதிவாதி, தகப்பனார் பெயர், கிணற்றின் நான்கெல்லை எல்லாம் போட்டு, கடைசியில் பரிகாரம் என்று இப்படி முடித்தேன்: ‘மேற்படி கிணற்றில் முறை தவறித் தண்ணீர் இறைத்தவர் எவராயினும், இறைத்த அளவுத் தண்ணீரை, பாதிக்கப்பட்டவர் நிலத்துக்குத் தம் கையாலேயே இறைத்துக் கொடுக்கும்படி உத்தரவாக வேண்டியது.’ செலவுத் தொகையும் கேட்டிருந்தேன், பாவாயி அந்த வரியை அடித்துவிடச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை உச்சியில் சொட்டச் சொட்டக் கோயிலுக்குப் போனால், அங்கே எனக்கு முன்னால் சொட்டச் சொட்ட ரங்கப்பன் நிற்கிறான். கையில் வெறும் வெள்ளைக் காகிதம்.

“நீங்க எதுக்குங்ண்ணா இங்க?” என்றேன். என்னதான் பகை என்றாலும் அண்ணன் அண்ணன்தானே.

“உன்ற மேல பிராது குடுக்கத்தான். நீ கட்டப் போறன்னு கேள்விப்பட்டேன், நாங் கட்டாம உட்டா நான் ஒப்புத்துக்கிட்ட மாதிரி ஆயிப்போயிருமல்லோ.” காகிதத்தை என் பக்கம் நீட்டினான். “எனக்கு எழுதத் தெரியாது. பூசாரிக்கும் தெரியாது. உச்சி தாண்டறதுக்குள்ள எழுதிக் குடு சாமி.”

நம்பினால் நம்புங்கள், நான் எழுதிக் கொடுத்தேன். என் மேலேயே, என் கையாலேயே. மனு என்று ஒருவன் காகிதத்தை நீட்டினால் கை தானாகப் பேனாவை எடுத்துவிடும், அவ்வளவு வருஷப் பழக்கம். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். “இவன் கை வெளங்காமப் போவோணும்னு போடு” என்றான். “அப்படியெல்லாம் போட்டா மனு தள்ளுபடி ஆயிரும்ங்ண்ணா” என்று தொழில் தர்மப்படி எடுத்துச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்ததாக அவன் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ரண்டு வருசத்துக்கு மின்ன நான் மேச்சேரிக்கு ஆடு புடிக்கப் போயிருந்த எட்டு நாள்ல, என்ற மொறை நாலு நாளையும் இவன் எறைச்சுக்கிட்டான். அதையும் போடு.”

அது உண்மை. அவனுக்குத் தெரியாது என்றுதான் அத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பேனா நின்றுவிட்டது. அவனுக்குப் படிக்கத் தெரியாது, பூசாரிக்கும் தெரியாது, நான் அங்கே எதை எழுதினாலும் கேட்பாரில்லை. நிமிர்ந்து பார்த்தேன். முனியப்பன் அந்தப் பெரிய கண்ணை உருட்டிக்கொண்டு நேராக என் காகிதத்தையே பார்க்கிற மாதிரி இருந்தது. நம்பிக்கை இல்லைதான், ஆனாலும் எழுதிவிட்டேன். கீழே அதே பரிகாரத்தை அதே வாசகத்தில் போட்டேன், வேறு வாசகம் யோசிக்க நேரமில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கட்டினோம். “அப்பா, இந்தப் பாவிகிட்ட இருந்து என்னைக் காப்பாத்து, எனக்கு நியாயம் வாங்கிக் குடு” என்று நான் கும்பிட்ட அதே நேரத்தில் அவனும் அதையே கும்பிட்டான். சாமி யாரைப் பாவி என்று எடுத்துக்கொண்டதோ தெரியாது.

மறுநாள் உச்சியில் கவலைச் சத்தம் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, அதுவும் என் ராகிக்கு! ஓடிப் போய்ப் பார்த்தால் ரங்கப்பன் தன் மாட்டைக் கட்டி இறைத்துக்கொண்டிருக்கிறான். கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்வை இல்லை. கூப்பிட்டேன், காதில் விழவில்லை. வயல் நனைந்து முடிந்ததும் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, “எவண்டா என்னை இங்க இட்டாந்தது?” என்று என்னைத்தான் அடிக்க வந்தான். இரண்டாம் நாளும் வந்தான். மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டியும் மகன்களும் சேர்ந்து அவனைக் கயிற்றுக் கட்டிலோடு வைத்துக் கட்டிவிட்டார்கள். கட்டிலை முதுகில் சுமந்துகொண்டே வந்து இறைத்துவிட்டுப் போனான். ஊரே வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது, நானும் பாவாயியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மொத்தம் ஒன்பது நாள். அந்தக் கோடையில் அவன் திருடின முறையும் ஒன்பதுதான். ராகி பிழைத்துக்கொண்டது.

பத்தாம் நாள் நான் கோர்ட்டு வாசலில் இருந்தேன். ராசிபுரத்து நெசவுக்காரர் ஒருவருக்குப் பாகப் பிரிவினை மனு எழுதிக்கொண்டிருந்தேன், கோர்ட்டு மணி பன்னிரண்டு அடித்தது, அடித்ததை நான் எண்ணினேன். எண்ணி முடித்து நிமிர்ந்தால் கிணற்று மேட்டில் நிற்கிறேன். என் மாடு, என் கவலை, கையில் வடக்கயிறு, காதில் பேனா. தண்ணீர் ரங்கப்பன் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளங்கை இரண்டும் கொப்புளம். வரப்பில் பாவாயியும் ரங்கப்பன் பெண்டாட்டியும் ஒரே வெற்றிலைப் பெட்டியில் இருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு என்னை வேடிக்கை பார்க்கிறார்கள்!

“எந்திரிச்சிட்டாரு” என்றாள் என் பெண்டாட்டி, சாவகாசமாக.

கோர்ட்டில் இருந்து எங்கள் ஊருக்கு நடந்தால் இரண்டரை மணி நேரம். வெயில் இன்னும் உச்சியை விட்டு அவ்வளவாக இறங்கியிருக்கவில்லை, வயலோ முக்கால்வாசி நனைந்திருக்கிறது. நெசவுக்காரரை மறுநாள் கேட்டேன். “கொஞ்சம் இருங்கன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சீங்க, அந்தத் தூணைத் தாண்டினீங்க, அப்புறம் காணமுங்க” என்றார். இதற்கு எந்த வக்கீலும் எனக்குப் பதில் சொன்னதில்லை. நான்கு நாள் நான் இறைத்தேன். நான் திருடினதும் நான்கு. அந்த நான்காம் நாள் ரங்கப்பன் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தான், “சரி, சரியாப் போச்சுடா தம்பி” என்றான். நானும் சரியாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் உச்சியில் கண் விழித்தால் நான் கிணற்று மேட்டில் நிற்கிறேன், என் பக்கத்துக் கவலையில் ரங்கப்பனும் நிற்கிறான். நான்கு மாடு, இரண்டு சால், இரண்டு பேர் கையிலும் கயிறு. அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். தண்ணீர் அவன் வயலுக்கும் போகவில்லை, என் வயலுக்கும் போகவில்லை. மேற்கே தூர்ந்து கிடந்த மூன்றாவது வாய்க்காலில், புல்லையும் மண்ணையும் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறதி இல்லை, வெட்கம். பாட்டனுக்குப் பிள்ளைகள் மூன்று பேர். கடைசிப் பிள்ளை, எங்கள் சித்தப்பா, வாந்திபேதியில் போனார், குழந்தை இல்லை. அவர் பெண்டாட்டி குப்பாயி சின்னாத்தா தனியாக நின்று தன் முறையைக் கேட்டபோது, எங்கள் இரண்டு வீட்டிலும் பேசிவைத்துக்கொண்டு அதை மறித்துவிட்டோம். அதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை. அந்த அம்மாள் ஒரு நாள் நாமக்கல் வரைக்கும் நடந்து வந்து, என் மேசை முன்னால் நின்று, ஒரு மனு எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். “பங்காளி விசயம், ஊட்டுக்குள்ளயே பேசிக்கலாம், போயிட்டு வாங்க” என்றேன். அவள் எருமப்பட்டியில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கே கூலிக்கு நெல் குத்தினாள். பன்னிரண்டு வருஷம். அவள் நிலத்துக்குப் போகிற மேற்கு வாய்க்கால் தூர்ந்தது, நிலத்தில் கள்ளி முளைத்தது.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் எருமப்பட்டிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். சின்னாத்தா உலக்கையைச் சாத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். ரங்கப்பன் காலில் விழுந்துவிட்டான். நான்தான் கேட்டேன், “முனியப்பன்கிட்ட எங்க மேல ஏதாச்சும் பிராது வெச்சீங்களா சின்னாத்தா?”

“இல்லீங்க சாமி,” என்றாள். “எழுதிக் குடுக்க ஆளு வேணுமல்லோ.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவளைக் கூட்டிவந்தோம். கிணற்றில் மூன்று முறை ஆயிற்று, அவள் சாகும்வரை அவள் நிலத்தில் ராகி விளைந்தது. மூன்று பேரும் போய் இரண்டு சீட்டையும் அவிழ்த்தோம், பூசாரி கற்பூரத்தில் எரித்துவிட்டு, “முடிஞ்சுதுங்க” என்றார். அதற்கப்புறம் ஒரு உச்சியிலும் ஒன்றும் நடக்கவில்லை. தூக்கத்தில் நடக்கிற வியாதி, சித்தபிரமை, வெயில் என்று நீங்கள் ஏதாவது காரணம் சொல்வீர்கள், நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் பன்னிரண்டு வருஷத் தண்ணீருக்கு ஒரே ஒரு நாள்தான் இறைத்திருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ‘இறைத்த அளவு’ என்று எழுதினவன் நான். நாங்கள் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

போன வருஷம் ரங்கப்பன் செத்துப் போனான். பக்கவாதம், மூன்று மாதம் படுக்கை, வாயில் தண்ணீர்கூட அடுத்தவர்தான் ஊற்ற வேண்டும். பிணத்தைக் குளிப்பாட்டும்போது நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூடியிருந்த விரலைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம், உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. கிணற்றைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சின்னாத்தா போன பிறகு தரிசாகக் கிடந்த அவள் நிலம் மூன்று மாதமாக ஈரமாகவே இருக்கிறது என்று பாவாயிதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

அன்றிலிருந்து நான் உச்சிப்பொழுதில் கண்ணை மூடுவதில்லை.