எழுபத்தைந்து இன்ச் மேடம்

அந்தக் கடையின் இரண்டாவது மாடியில் நாற்பத்திரண்டு டிவிகள் வரிசையாக மாட்டியிருக்கும். நாற்பத்திரண்டிலும் ஒரே மீன். ஆரஞ்சு நிறத்தில் வாலை ஆட்டிக்கொண்டு இடது பக்கத்திலிருந்து வந்து, நடுவில் ஒரு கணம் நின்று நம்மை முறைத்துவிட்டுத் திரும்பிப் போகும். மீனுக்குப் பிறகு ஒரு கிளி. கிளிக்குப் பிறகு தேன் சொட்டும். சொட்டி முடிந்ததும் மறுபடியும் மீன். எட்டு மாதமாக அந்த மீனோடுதான் அங்கே டிவி விற்கும் ஒரு மனிதருக்குக் குடித்தனம். இந்த எட்டு மாதத்தில் மனைவியின் முகத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள் என்று யாராவது கேட்டால், பாவம், தலையைச் சொறிவார்.

கடையில் எல்லோரும் அவரை இன்ச் அண்ணன் என்பார்கள். வயது நாற்பத்தெட்டு. டிவி விற்பது இது பத்தொன்பதாவது வருஷம். வாடிக்கையாளர் இரண்டு கைகளையும் விரித்து, "சுவரு இவ்வளவு இருக்கும்ங்க" என்று காட்டினால் போதும். "அது நாப்பத்து மூணு இன்ச் சுவருங்க. அம்பது போட்டா பக்கத்துக் கதவு திறக்காது" என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குப் போய் அளந்து பார்த்தால் கதவு சத்தியமாகத் திறக்காது.

வந்த ஆள் வாங்குவாரா மாட்டாரா என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அதற்கு முகத்தைப் பார்க்க மாட்டார். முகம் பொய் சொல்லும். கையைத்தான் பார்ப்பார். கையில் போன் இருந்தால், இங்கே டிவியைப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்குகிற ஆள். ஐஸ்கிரீம் இருந்தால், ஏசி காற்று வாங்க வந்த ஆள். கடையின் விளம்பரத் தாளை நாலாக மடித்துப் பிடித்திருந்தால், அந்தக் கையை விடக்கூடாது.

விடக்கூடாது என்பது கடையின் சட்டமும்கூட. படியேறி வருகிறவரை யார் முதலில் "வாங்க" என்று அழைக்கிறாரோ, பில் போடும்வரை அவர்தான் பொறுப்பு. நடுவில் சாப்பிடப் போக முடியாது, இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு நழுவவும் முடியாது. கல்யாணத்தில்கூட இத்தனை கறார் கிடையாது.

அவருக்குச் சினிமாவே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மாடியின் கோடியில் ஹோம் தியேட்டர் அறை ஒன்று உண்டு. வாடிக்கையாளரை அங்கே சோபாவில் உட்காரவைத்து ஒவ்வொரு படத்திலும் ஏழு நிமிஷம் போட்டுக் காட்டுவார். கார் வெடிக்கும், கண்ணாடி உடையும், ஹெலிகாப்டர் பின்னாலிருந்து வந்து தலைக்கு மேலே போகும். கதாநாயகி வாயைத் திறந்தால் நிறுத்திவிடுவார். பேச்சைக் கேட்டு யாரும் ஸ்பீக்கர் வாங்குவதில்லை. இப்படி நூறு படங்களின் சண்டை அவருக்கு மனப்பாடம். எதற்காக அடித்துக்கொண்டார்கள், கடைசியில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது மட்டும் ஒன்றுக்கும் தெரியாது.

வீட்டில் இருப்பதோ முதுகு புடைத்த பழைய பெட்டி. தலையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் நிறம் வரும். ரிமோட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள். டிவி வாங்க யோசனை கேட்டு வரும் அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு எளிமையான மனுஷன்!" என்று உருகிப் போவார்கள். எளிமையும் இல்லை ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தையே, "அதை அணைச்சுத் தொலையேன்" என்பதுதான்.

இந்த மனிதருக்குக் கல்யாண நாள் எப்போது வர வேண்டும்? பண்டிகைக் காலத் தள்ளுபடி விற்பனையின் நட்டநடுவில் வந்து தொலைத்தது. கல்யாணத்தின்போது அவர் ஒரு பாத்திரக் கடையில் இருந்தார். இப்படி ஒரு வம்பு வரும் என்று யார் கண்டது? வருஷாவருஷம் கல்யாண நாளுக்கு ஒரு சினிமா என்று முதலிரவில் வாக்குக் கொடுத்திருந்தார். அவளும் வருஷாவருஷம் தியேட்டர் வாசலில் போய் நிற்பாள். ஒரு வருஷம் ஃப்ரிட்ஜ் ஏற்றிய லாரி வந்தது என்பார். ஒரு வருஷம் முதலாளியின் மச்சான் வந்தார் என்பார். அவர் மட்டும் வந்ததில்லை.

போன வாரம் ஒரு காலையில், அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் தன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இரண்டு டிக்கெட்.

"சனிக்கிழமை ரெண்டரை மணிக் காட்சி. காதல் படம். ஹெலிகாப்டர் எல்லாம் கிடையாது."

"வந்துடறேன்."

"என்னங்க, ஒண்ணு சொல்றேன். இந்தத் தடவை வரலேன்னா, இனிமே நான் கேக்க மாட்டேன்."

"அதுக்கு ஏன் இப்படிக் கோவிச்சுக்கறே?"

"கோவமே இல்லைங்க. வாசல்ல நிக்கறதுக்குப் பதிலா கேக்காமயே இருந்துட்டா நிம்மதியா இருக்கும்னு தோணுது. அவ்வளவுதான்."

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பார். கத்தியிருந்தால் காதை மூடிக்கொண்டிருப்பார். அவள் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவர் ஒரு ஷூவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே சின்ன மேனேஜரிடம் போய் நின்றார். சின்ன மேனேஜருக்கு இருபத்தொன்பது வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். காதில் எந்நேரமும் ஒரு கருவி மினுக்கிக்கொண்டிருக்கும்.

"சனிக்கிழமையா? அண்ணே, இந்த நேரத்துல என்கிட்ட சனிக்கிழமையைக் கேக்கறதும் ஒண்ணுதான், கிட்னியைக் கேக்கறதும் ஒண்ணுதான்."

"கல்யாண நாள் சார்."

"அடுத்த வருஷமும் வரும்ல?"

மூன்று நாள் பின்னாலேயே அலைந்ததில், "ஒன்றரை மணிக்குக் கையில கஸ்டமர் இல்லேன்னா கிளம்புங்க" என்ற அளவுக்கு இறங்கிவந்தார்.

சனிக்கிழமை வந்தது. ஒன்றேகால் மணிக்கு ஒரு மாமனாரும் மருமகளும் ஏறி வந்தார்கள். மருமகள் கையில் சுவரை அளந்து ஐம்பது இன்ச்சுக்கு வெட்டிய நூல். இன்ச் அண்ணன் உடனே திரும்பிக் கிளியைப் பார்ப்பதுபோல் நின்றார். நூலோடு வந்தவர்கள் நேராக அவரிடமே வந்து நின்றுவிட்டார்கள்.

"இதுல அம்பது இன்ச்சுன்னு போட்டிருக்கீங்க. நூல் வெளியில நீட்டிக்கிட்டு நிக்குதே?" என்றாள் மருமகள், நூலை ஒரு டிவியின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு.

"நேரா அளக்கக் கூடாதும்மா. மூலைக்கு மூலை குறுக்கா அளக்கணும்."

"பாத்தியா, கடைக்காரன் எப்பவும் குறுக்கு வழியிலதான் வருவான்" என்றார் மாமனார்.

மாமனாருக்கு அந்தக் கிளி பிடிக்கவில்லை. கிளியின் பச்சை உண்மையான பச்சை இல்லை என்றார். மருமகளுக்குத் தேன் பிடித்திருந்தது. கிளியும் தேனும் சமாதானமாகி, பில் போட்டு, அவர்களைப் படியிறக்கிவிட்டபோது மணி இரண்டு ஐந்து. ஓடினால் பிடித்துவிடலாம். சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றியபடியே படிக்கட்டை நோக்கி விரைந்தார்.

அப்போது எதிரே ஒரு கை தெரிந்தது. பெண்ணின் கை. புத்தம்புதுக் கைப்பை. விரல்களுக்கு நடுவே நாலாக மடித்த விளம்பரத் தாள்.

பத்தொன்பது வருஷப் பழக்கம் யாரைக் கேட்டுக்கொண்டு வரும்? கால் நின்றது. முதுகு வளைந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வாங்க மேடம்! என்ன சைஸ் பாக்கறீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். புது உடை, புது மூக்குக் கண்ணாடி, அழகாகத் திருத்திய தலைமுடி. எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது அவர் மனைவியின் முகம்.

இந்த வருஷம் தியேட்டர் வாசலில் நிற்பதில்லை, கடைக்கே போய்க் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று கிளம்பி வந்தவள் அவள். கீழே வாசலில் யாரோ திணித்த தாளை வாங்கி மடித்துக்கொண்டு படியேறியிருந்தாள். புதுக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் ஒரு நொடி கலங்கின. மறு நொடி அவற்றில் வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது.

"அண்ணே! கஸ்டமரை வெச்சுக்கிட்டு எங்க பேட்ஜைக் கழட்டறீங்க?" பின்னாலிருந்து சின்ன மேனேஜரின் குரல்.

"சார், இவங்க வந்து..."

வந்து யார் என்று சொல்வது? கட்டிய மனைவியை அடையாளம் தெரியாமல் மேடம் என்று கூப்பிட்டுவிட்டேன் என்றா?

"ஆமாங்க, இவருதான் என்னைக் கூப்பிட்டாரு" என்றாள் அவள் நிதானமாக. "ஹாலுக்கு ஒரு டிவி வேணும். இருக்கறதுலயே பெரிசா."

மிக்ஸி செக்ஷனில் நின்ற பெண், அண்ணியை நன்றாகத் தெரிந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். பெட்டிகள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

"மன்னிச்சுடும்மா" என்று முணுமுணுத்தார் இன்ச் அண்ணன்.

"என்னங்க முணுமுணுக்கறீங்க? சத்தமாச் சொல்லுங்க. இது எத்தனை இன்ச்?"

"எழுபத்தஞ்சு... மேடம்."

பெரிய டிவி என்றதும் சின்ன மேனேஜர் இரண்டடி தள்ளி அட்டைபோல் ஒட்டிக்கொண்டார். வேறு வழியில்லை. இன்ச் அண்ணன் விளக்க ஆரம்பித்தார். கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று காட்டினார். பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் நிறம் மங்காது என்றார். அவள் உட்கார நாற்காலி இழுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் ஒன்று கேட்டால் பொறுமையாக இரண்டு சொன்னார். இருபது வருஷத் தாம்பத்யத்தில் அவர் வாயிலிருந்து தொடர்ச்சியாக இத்தனை இனிய சொற்களை அவள் கேட்டது அன்றுதான்.

"வீட்டுல எத்தனை பேர் மேடம்?" பழக்கதோஷத்தில் அதையும் கேட்டுவிட்டார்.

"ரெண்டு பேரு. ஆனா ஒருத்தர் வீட்டுல இருக்கறதே இல்லை."

"சார் எங்க வேலை பாக்கறாரு மேடம்?" என்று நடுவில் புகுந்தார் சின்ன மேனேஜர்.

"அவரும் இந்த மாதிரிதான், எங்கயாவது நின்னுக்கிட்டு இருப்பாரு."

அட்டைப்பெட்டிகளிலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

அவள் எழுந்தாள். "டிவி பிடிச்சிருக்கு. எங்க சுவரு தாங்குமான்னுதான் பயமா இருக்கு. யாராவது வந்து பாத்துச் சொல்லுவீங்களா? இப்பவே வரணும். இல்லேன்னா எதிர்க் கடையில உடனே ஆள் அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க."

எதிர்க் கடை என்ற சொல்லைக் கேட்டதும் சின்ன மேனேஜர் நிறம் மாறினார். கறுப்பு உண்மையிலேயே அவ்வளவு கறுப்பாக இருந்தது.

"இப்பவே அனுப்பறேன் மேடம்! அண்ணே, மேடம்கூடப் போங்க. வண்டிச் செலவு கடையோடது. சுவரைத் தட்டிப் பாருங்க, எவ்வளவு நேரமானாலும் பாருங்க. இன்னிக்கு நீங்க திரும்பி வரலேன்னாலும் பரவாயில்லை!"

கட்டியவனாக மூன்று நாள் கெஞ்சியும் உறுதியாகக் கிடைக்காத அரைநாள், சுவர் தட்டுகிறவனாக அரை நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

டாக்ஸியில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று நினைத்து அவரும் சிரிக்க ஆரம்பித்தார். பிறகுதான் கண்ணாடிக்குக் கீழே ஈரம் வழிவதைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் நிஜமாவே என்னைத் தெரியலை, இல்ல?"

"நான்... கையைத்தான் பாத்தேன்."

"இந்தக் கையைப் பிடிச்சுத்தானே கூட்டிட்டு வந்தீங்க? இது தெரியாதா உங்களுக்கு?"

புதுப் பை என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மணிக்கட்டுக்கு மேலே ஒரு பழைய எண்ணெய்க் காயம் இருந்தது. எப்போது பட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டார். அது ஆறு வருஷத்துக்கு முன்னால் என்றாள் அவள். தியேட்டர் வரும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை.

உள்ளே போனபோது படம் தொடங்கிக் கொஞ்ச நேரமாகியிருந்தது. மெத்தென்ற நாற்காலி. குளிர்ச்சி. இருட்டு. இருபது நாளாக நின்றுகொண்டே இருந்த உடம்பு. கதாநாயகன் கதாநாயகியை முதன்முதலாகப் பார்த்தபோது, இன்ச் அண்ணன் மனைவியின் தோளில் சாய்ந்து மெல்லிய குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒரு தடவை முழங்கையால் இடித்தாள். இடைவேளையில் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்துவிட்டுப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

விளக்குப் போட்டபோது பதறி எழுந்தார்.

"முடிஞ்சுடுச்சா? சேர்ந்தாங்களா?"

"நடந்துக்கிட்டே சொல்றேன், வாங்க."

வழியெல்லாம் கதை சொன்னாள். அவருக்குத் தாங்கவில்லை. "அந்தப் பொண்ணு அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்று நடுச்சாலையில் நின்று கேட்டார். "அவ சொல்லிக்கிட்டுத்தாங்க இருந்தா. அவன்தான் காதுல வாங்கலை" என்றாள் அவள். பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

வீட்டுப் படியில் தயங்கி நின்றார். "அடுத்த வருஷம் கேப்பே இல்ல?"

"தூங்கறதுக்கா?" என்றாள் அவள். கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை சின்ன மேனேஜர் மாடிப்படியிலேயே மடக்கிவிட்டார்.

"எழுபத்தஞ்சு இன்ச் மேடம் என்ன ஆச்சு?"

"யோசிக்கறாங்க சார்."

"சுவரு?"

"சுவரு கெட்டி சார். வீட்டுல இருக்கற ஆளைத்தான் நம்ப முடியலையாம்."

"விடாதீங்கண்ணே! இந்த மாதிரி கஸ்டமரை அன்பாலதான் பிடிக்கணும். தினமும் பதினோரு மணிக்குக் கடை போன்ல இருந்து கூப்பிடுங்க. டிவி பேச்சையே எடுக்காதீங்க. சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்குன்னு கேளுங்க. இது என் ஆர்டர்."

பதினோரு மணி அடித்தது. எதிரே சின்ன மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்ச் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு எண்களை அழுத்தினார்.

"மேடம்... சாப்பிட்டீங்களா?"

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் ஓசை.

"சாப்பிட்டேங்க" என்றது குரல். "ஆனா இன்னும் முடிவு பண்ணலை. நாளைக்கும் கூப்பிடுங்க."