லட்சணம் வந்த வண்டி

அந்த வண்டியை முதன்முதலாக வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது என் கணவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். சிரிப்பதற்கு விஷயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம். சின்ன எஸ்யூவி என்று விற்றார்கள். முன்னால் உருண்டையாக இரண்டு விளக்கு, அதற்கு மேலே புருவம் மாதிரி மெலிசாக இன்னும் இரண்டு. பின்கதவில் கைப்பிடியையே காணோம், கண்ணாடி ஓரத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். கியர் கம்பி தரையில் இல்லை; ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் கீழே இடம் மிச்சமாகி, முன்வரிசையிலேயே மூன்று பேர் உட்காரலாம்.

"என்னத்தப் பாத்து இத வாங்குன? தவளைக்கு டயர் மாட்டி விட்ட மாதிரி இருக்கு. கடைப்பக்கம் கொண்டுவந்துறாத, ஆளுக பாத்தா கேலி பண்ணுவாக" என்றார். அல்லிநகரத்தில் அவருக்கு ஹார்டுவேர் கடை. நான் போடியில் டீச்சர். என் சம்பளம், என் லோன், என் பெயரில் வண்டி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கு அதன் முகம் பிடித்திருந்தது.

அந்த மூன்று சீட்டுக்காகவே அதை வாங்கினேன் என்றும் சொல்லலாம். தேனியிலிருந்து போடிக்கு வரும் இன்னும் இரண்டு டீச்சர்களை பெட்ரோல் பங்க் முக்கில் ஏற்றிக்கொள்வேன். பின்சீட்டு முழுக்கப் பரீட்சைப் பேப்பரும் சாப்பாட்டுக் கூடையும் இருக்கும். நாங்கள் மூன்று பேரும் முன்னால் வரிசையாக உட்கார்ந்து போவோம். மாமியார், ஹெட்மாஸ்டர், தங்கத்தின் விலை, எல்லாம் அந்த வரிசையில் பேசி முடிப்போம். டீக்கடையில் ஒரு பெரியவர், "ஏலே, மூணு டீச்சரும் முன்னாடியே உக்காந்து வர்றாக பாரு" என்று கைகாட்டுவார். ஆடிக் காற்றில் வண்டி ஆடும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

வீட்டில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். கொழுந்தன் அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மழை பெய்கிறதே என்று சாவியை நீட்டினேன். "வேணாம் மதினி, ஃப்ரெண்ட்ஸ் பாத்தா மானம் போயிரும்" என்று நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சாவி எப்போதும் என் கைப்பையிலேயே கிடந்தது என்பதை அன்றைக்கு யோசித்துப் பார்க்கவில்லை.

சில வருஷம் கழித்து அதே வண்டி இரண்டாவது வடிவத்தில் வந்தது. என்னுடையதில் கிளட்ச் தொந்தரவு ஆரம்பித்திருந்ததால் போய்ப் பார்த்தேன். உருண்டைக் கண்கள் சுருங்கியிருந்தன. கைப்பிடி எல்லா வண்டியையும் போலக் கதவுக்கே வந்துவிட்டது. கியர் தரைக்கு இறங்கியிருந்தது. நடு சீட்டு இருந்த இடத்தில் டம்ளர் வைக்க இரண்டு குழி. எங்கே அந்த சீட்டு என்று கேட்டேன். "கஸ்டமர்ஸ் எல்லாம் சொன்னாங்க மேடம், அதான் மாத்திட்டாங்க" என்றார் விற்பனைப் பையன். நானும் கஸ்டமர்தானே, என்னை யாரும் கேட்கவில்லையே என்றேன். அவர் சிரித்துவிட்டு விலைப் பட்டியலை எடுத்து நீட்டினார்.

முறைத்துக்கொண்டேதான் வாங்கினேன். ஒரு டீச்சர் பின்சீட்டுக்குப் போனார். திரும்பித் திரும்பிப் பேசினால் கழுத்து வலிக்கும் என்று பேச்சு குறைந்தது. ஆனால் வீட்டில் வண்டிக்கு மரியாதை கூடியது. "இப்பத்தான் வண்டி மாதிரி இருக்கு" என்று என் கணவர் கல்யாண வீடுகளுக்கு அதை எடுத்துப்போக ஆரம்பித்தார். வைகை அணைக்கு உறவுக்காரர்களைக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியைத் தேடினால் அவர் சட்டைப்பையில் இருக்கும். எனக்கு அதில் சந்தோஷம் வேறு. என்னுடையதை அவருக்கும் பிடித்துவிட்டதே என்று பூரித்துப்போன மடச்சி நான்.

இப்போது மூன்றாவது வடிவம் வந்திருக்கிறது. அவர்தான் போனில் படத்தைக் காட்டினார். விளக்கெல்லாம் கத்தி மாதிரி கோடு, உள்ளே பெரிய திரை, மேலே கண்ணாடிக் கூரை. நாலு வண்டிக்கு நடுவே நிறுத்தினால் எது நம்முடையது என்று நம்பரைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். "ஒன் வண்டியக் குடுத்துட்டு இத எடுப்போம். மிச்சத்த நான் போட்டுக்கிறேன். அலையுற வேலையெல்லாம் என்னோடது, நீ கலர மட்டும் சொல்லு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. பச்சை என்றேன். வந்தது வெள்ளை. பச்சைக்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டுமாம். சரி என்று விட்டேன். பழைய வண்டியைக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டதோடு சரி. புது வண்டிக் காகிதம் எதையும் நான் பார்க்கவில்லை, பார்க்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. கட்டிய புருஷனிடம் என்னத்தைக் கேட்பது?

வண்டி எடுக்கிற அன்று கொழுந்தன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். அங்கே வேலை, தனியாக ஒரு வீடு எடுத்திருக்கிறான். லீவு என்றான். எங்கள் பக்கத்தில் புது வண்டி ஷோரூமிலிருந்து நேராக வீரபாண்டிக்குத்தான் போகும். கௌமாரியம்மன் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். யார் பெயருக்கு அர்ச்சனையோ அவர்தான் ஏறி, பழத்தை நசுக்கி வண்டியை எடுக்கவேண்டும். இதற்கு முந்தைய இரண்டு வண்டியையும் நான்தான் எடுத்தேன். இந்தத் தடவையும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் தயாராக நின்றேன்.

பூசாரி தட்டோடு வந்து, "யாரு பேருக்கு? நட்சத்திரம் சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார். தம்பியின் பெயரை. தம்பியின் நட்சத்திரத்தை.

தப்பாகச் சொல்லிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். திருத்துவதற்காகத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொழுந்தன் ஏற்கெனவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டேன். "தம்பிக்குப் போடியில பொண்ணு பாத்திருக்குல்ல, மாப்பிள்ளைக்குச் சொந்தக் கார் இருக்குன்னு அம்மா சொல்லீட்டாக. அதான் அவன் பேருல எடுத்தாச்சு, இனிமே மாத்த முடியுமா?" என்றார்.

"அப்ப என் வண்டி?"

"இது மட்டும் யாரு வண்டி? நம்ம வீட்டு வண்டிதான? சாமி வாசல்ல நின்னுக்கிட்டுச் சத்தம் போடாத. நல்ல காரியம் நடக்குற எடம்."

அங்கே நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று தெரிந்துதான் அங்கே வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஷோரூமில் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். வீட்டில் சொல்லியிருந்தால் என் பழைய வண்டியையே கொடுத்திருக்கமாட்டேன். "அண்ணன் ஒங்ககிட்டச் சொல்லீட்டாகன்னுதான் நெனச்சேன் மதினி" என்றான் கொழுந்தன். சொல்லும்போது டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். என்னைக் கேட்டால் சொல்வேன், அறுக்கிறவன் நம் கையில் பூத்தட்டையும் கொடுத்துப் பிடிக்கச் சொல்வான்.

பழம் நசுங்கியது. நான் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். கோணல் மூஞ்சியாக இருந்தவரைக்கும் அது என்னுடையதாக இருந்தது. ஊருக்குப் பிடித்த மாதிரி கம்பெனிக்காரன் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினான். மாப்பிள்ளைக்கு ஏற்ற லட்சணம் வந்தவுடனே என் கையிலிருந்து போய்விட்டது.

வண்டி கொழுந்தனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை பெட்ரோல் பங்க் முக்குக்கு நடந்து போனேன். புது வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்று இரண்டு டீச்சரிடமும் சொல்லியிருந்தேன். ஒருத்தர் வண்டியில் வைக்க மல்லிகைச்சரம் வாங்கி வந்திருந்தார்.

"எங்க டீச்சர் வண்டி?"

உண்மையைச் சொல்லத்தான் போனேன். ஆனால் வாய் வேறு சொன்னது. "எங்க கொழுந்தனுக்குக் குடுத்துட்டேன். கல்யாணம் வருதில்ல, நான்தான் குடுக்கச் சொன்னேன்."

"ஒங்க மனசு யாருக்கு டீச்சர் வரும்?" என்று சரத்தை என் தலையிலேயே வைத்துவிட்டார். மூன்று பேரும் போடி பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம்.

அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் அல்லிநகரம் வந்து சேர்ந்துவிட்டது. என் கணவர் கடையை அடைத்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நீயேதான் குடுக்கச் சொன்னேன்னு டீச்சருககிட்டச் சொன்னியாமே?"

நான் தலையிலிருந்த வாடின சரத்தைக் கழற்றினேன்.

"நல்லதாப் போச்சு. யாரு கேட்டாலும் இனிமே இதையே சொல்லிரு" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்து வைக்கச் சொன்னார்.